பூங்காவில் பொறுக்கிய கொட்டையிலிருந்து பாம் கன்று: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலை ஆறு மணிக்குப் பூங்காவுக்குள் நுழைந்தால் பாம் மரங்களுக்கு அடியில் ஆரஞ்சும் சிவப்புமாகப் பழங்கள் சிதறிக் கிடக்கும். ஏழரைக்குப் போனால் ஒன்றும் இருக்காது. எல்லாம் பெருக்கிக் குப்பை வண்டிக்குப் போயிருக்கும். நர்சரியில் காசு கொடுத்து வாங்குகிறோமே, அந்தக் கன்றுகளின் விதைதான் அது. நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் இதைப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தவன் நான். இன்று எங்கள் மொட்டை மாடியில் ஐந்து வகைப் பாம் கன்றுகள் நிற்கின்றன. ஒன்றுகூட வாங்கியது இல்லை.

"பாம் விதை போட்டேன், முளைக்கவே இல்லை" என்று சொல்பவர்களைக் கொஞ்சம் விசாரித்தால் விஷயம் தெரிந்துவிடும். பொறுக்கிய கொட்டையை இரண்டு மாதம் ஜன்னலில் காயவைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் மூன்றாவது வாரமே மண்ணைக் கிளறிப் பார்த்திருப்பார்கள். தக்காளி, கத்தரி விதையைப் போலக் காயவைத்து டப்பாவில் போட்டு அடுத்த பட்டத்துக்கு எடுக்கிற பழக்கம் பாமுக்கு ஒத்துவராது. வெப்ப நாட்டுப் பாம்களில் பெரும்பாலானவற்றின் விதை நன்றாக உலர்ந்தால் உயிர் போய்விடும். புதுசாக இருக்கும்போதே ஈரமும் சூடும் கொடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் கை வைக்காமல் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலைதான் கடினம்.

தென்னை வழியும் பனை வழியும்

தென்னை, பனை, ஈச்சை எல்லாமே பாம் குடும்பத்து மரங்கள்தான். உலகத்தில் ஏறத்தாழ 2,500 வகைப் பாம்கள் இருக்கின்றன. அவை முளைக்கும் விதத்தை இரண்டாகப் பிரிக்கலாம். அந்த இரண்டுமே நமக்குச் சின்ன வயசிலிருந்து பழக்கமானவை.

முதலாவது தென்னை வழி. தென்னம்பிள்ளையைப் பாருங்கள். காயை ஒட்டியே குருத்து மேலே வருகிறது, வேர் கீழே போகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பது தேங்காய்ப்பூ வாங்கிச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். அந்தப் பஞ்சு உருண்டை, கன்று தன் சாப்பாட்டை உறிஞ்சுகிற உறுப்பு. பருப்பு தீரும்வரை பிள்ளை அதை நம்பித்தான் இருக்கிறது.

இரண்டாவது பனை வழி. பனங்கொட்டையைப் பாத்தியில் போட்டால் மேலே ரொம்ப நாளைக்கு ஒன்றுமே தெரியாது. கொட்டையிலிருந்து குழாய் மாதிரி ஒரு தண்டு கிளம்பிக் கீழே இறங்கும். கருவை அதுவே ஒரு சாணுக்கு மேல் ஆழத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வேரும் குருத்தும் அங்கிருந்துதான் புறப்படும். பொங்கல் சமயத்தில் நாம் அவித்துத் தின்கிற பனங்கிழங்கு அப்படி மண்ணுக்குள் பருத்த இளங்கன்றுதான். மேலே கிடக்கிற கொட்டையை வெட்டினால் தவண் என்றும் பூரான் என்றும் சொல்கிற இனிப்பான பஞ்சு இருக்கும். தேங்காய்ப்பூவும் அதுவும் ஒரே உறுப்புதான்.

இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், நீங்கள் பொறுக்கிய கொட்டை எந்த வழியைச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் எந்தத் தொட்டியில் போடுவது என்று தெரியும். அரிகா பாம், ராயல் பாம், ஃபாக்ஸ்டெயில், மணிலா பாம் எல்லாம் தென்னை வழி. ஆழம் குறைந்த டப்பாவில் முளைக்க வைக்கலாம். பனை, ஈச்சை, கூந்தல்பனை, விசிறி இலை கொண்ட சீன விசிறிப் பாம் எல்லாம் பனை வழி. இவற்றுக்கு ஆழம் வேண்டும். ஆழமில்லாத தட்டில் போட்டால் முளை அடியில் முட்டி வளைந்து சுருண்டுவிடும்.

எந்த மரத்தில் தொடங்கலாம்?

அரிகா பாமில் தொடங்குங்கள். வீட்டு வாசலிலும் அலுவலக வரவேற்பறையிலும் புதராக நிற்குமே, மஞ்சள் தண்டுக்காரர், அதுதான். பெயரைப் பார்த்துப் பாக்கு மரம் என்று நினைத்துவிட வேண்டாம். பாக்கு காய்க்கும் கமுகு வேறு. இது மடகாஸ்கரிலிருந்து வந்தது. பூங்காவில் தரையில் நடப்பட்டு வயசான புதர்களில் சின்னச் சின்னக் காய்களாகக் கொத்துக்கொத்தாகத் தொங்கும். பச்சையாக இருக்கும்போது தொடாதீர்கள். மஞ்சள், ஆரஞ்சு நிறம் வந்தபிறகு எடுத்தால் நன்றாக முளைக்கும். ஒன்று, இரண்டு மாதத்தில் பலன் தெரியும்.

மணிலா பாமும் லேசானதுதான். பிலிப்பைன்ஸின் பலாவன் தீவுப் பக்கத்து மரம். டிசம்பர் வாக்கில் குங்குமச் சிவப்பில் பழுப்பதால் கிறிஸ்துமஸ் பாம் என்றும் பெயர். ராயல் பாம், வழுவழுவென்று சிமெண்ட் தூண் மாதிரி நிற்பது, கியூபாவின் தேசிய மரம். அதன் பழம் பட்டாணியைவிடச் சற்றுப் பெரியது, கருஊதா நிறம். மரம் பிரம்மாண்டம், கொட்டை துக்கடா. முளைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும்.

ஃபாக்ஸ்டெயில் பாமை எல்லோரும் ஆசைப்படுவார்கள். நரி வால் போல இலை சுற்றிலும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். ஆனால் அது பொறுமைசாலிகளுக்கான மரம். இரண்டு மாதத்திலும் முளைக்கும், எட்டு மாதமும் எடுக்கும். சில கொட்டைகள் ஒரு வருஷம் தாண்டியும் முளைத்திருக்கின்றன. முதல் முயற்சியில் இதை மட்டும் போட்டு மனம் உடைந்துபோக வேண்டாம். கூடவே அரிகாவும் போட்டு வையுங்கள்.

பூங்கா ஈச்ச மரங்களில் ஒரு சிக்கல் உண்டு. ஈச்சையில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. நம்மூர் ஈச்சை, பேரீச்சை, குட்டை அலங்கார ஈச்சை எல்லாம் பக்கம் பக்கமாக நின்றால் சுலபமாகக் கலந்துவிடும். அதனால் தாய் மரம் மாதிரியேதான் கன்று வரும் என்று நம்பி எடுக்காதீர்கள்.

கேட்டுவிட்டுப் பொறுக்குங்கள்

சின்ன நகராட்சிப் பூங்கா என்றாலும் தோட்டக்காரரிடமோ காவலாளியிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். எங்கள் பூங்காவைப் பெருக்குகிற அக்கா முதல் நாள் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். "எதுக்கு தம்பி இதெல்லாம், திங்கவா?" என்றார். முளைக்கப் போடத்தான் என்று சொன்னதும், அடுத்த வாரத்திலிருந்து நல்ல பழமாகப் பார்த்து ஒரு ஓரமாக ஒதுக்கி வைக்க ஆரம்பித்துவிட்டார். எந்த மரத்தில் எப்போது குலை பழுக்கும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு எனக்கு இன்றுவரை தெரியாது.

லால்பாக், ஊட்டி, பேராதனை போன்ற பெரிய தாவரவியல் தோட்டங்களில் அனுமதி இல்லாமல் கீழே கிடப்பதையும் எடுக்காதீர்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களும் அப்படித்தான். பூங்கா மரத்துப் பழத்தை அனுமதியின்றி எடுப்பது அங்கே சட்டப்படி தவறு. எங்கேயாக இருந்தாலும் மரத்தில் ஏறுவது, தொரட்டி போடுவது, பழுக்காத குலையை இழுப்பது எதுவும் வேண்டாம்.

விதைக்கு ஆசைப்பட்டு மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு ஃபாக்ஸ்டெயிலே சாட்சி. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், கேப் யார்க் தீபகற்பத்தின் மெல்வில் மலைப் பகுதியில் மட்டுமே அது இயற்கையாக வளர்கிறது. 1983-ல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். அந்த மரத்தை நன்கு அறிந்திருந்த வோட்யெட்டி என்ற பழங்குடி முதியவரின் பெயரால் வோட்யெட்டியா என்று. பெயர் வைத்துப் பத்து வருஷத்துக்குள் அந்தக் காட்டிலிருந்து திருட்டுத்தனமாக விதை கடத்த ஆரம்பித்துவிட்டார்கள். இன்று நம் பூங்காவிலேயே அந்த மரம் காய்த்துக் கொட்டுவது எவ்வளவு பெரிய வசதி என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

எடுக்கும்போது நிறம் முழுக்க ஏறிய, அன்றைக்கோ முந்தின நாளோ விழுந்த பழமாகப் பாருங்கள். சதை கொஞ்சம் நசுங்கியிருந்தால் பரவாயில்லை. கொட்டையில் ஊசி குத்தியது போல ஓட்டை இருந்தால் வண்டு உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். இருபது கன்று வேண்டுமென்றால் நாற்பது கொட்டை எடுத்தால் போதும். மூட்டை கட்ட வேண்டாம். துணிப்பையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டிக் காரில் வெயிலில் விட்டால் மதியத்துக்குள் வெந்துவிடும். என்ன மரம், எந்தத் தேதி என்று ஒரு துண்டுச் சீட்டில் அங்கேயே எழுதிப் பைக்குள் போட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு எல்லாக் கொட்டையும் ஒரே மாதிரி தெரியும்.

சதையை எடுப்பது

இது அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. சதையோடு போட்டால் பூஞ்சை வரும், எறும்பு வரும். அதோடு பழச்சதை முளைப்பையும் தாமதப்படுத்தும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பல பாம் பழங்களின் சதையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. கருணைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்குமே, அதற்குக் காரணமும் இதே படிகங்கள்தான். ராயல் பாம் சிலருக்கு லேசாக அரிக்கும். கூந்தல்பனையோ படுமோசம். யாழ்ப்பாணத்து நண்பர்கள் கித்துள் என்பார்களே, அந்த மரம். இதை வெறுங்கையால் பிசைந்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துவிட்டால் அவ்வளவுதான். குழந்தைகளை இந்த வேலையில் சேர்க்க வேண்டாம்.

பழத்தை ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போடுங்கள். தினமும் தண்ணீர் மாற்றுங்கள். நாற்றம் வரும், அதனால் வாளியை வெளியே வையுங்கள். சதை கொழகொழவென்று ஆனதும் இரண்டு கை கொரகொரப்பான ஆற்று மணலைச் சேர்த்துப் பழைய சல்லடையில் தேய்த்தால் கழன்றுவிடும். அரிகா, ராயல் எல்லாம் பத்து நிமிட வேலை.

ஃபாக்ஸ்டெயிலை மட்டும் ஒவ்வொன்றாகத்தான் உரிக்க வேண்டும். கோழி முட்டையில் முக்கால் அளவுக்கு இருக்கும். மேல்தோலை நகத்தால் கீறினால் ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுவென்று சதை. அதை வழித்து எடுத்தால் கொட்டையைச் சுற்றிக் கருப்பு நார்கள். உற்றுப் பாருங்கள், ஒவ்வொரு நாரும் காம்பிலிருந்து கிளம்பி இரண்டாக, மறுபடி இரண்டாகக் கிளை பிரிந்து, மரக்கிளையைக் கோட்டோவியமாக வரைந்த மாதிரி கொட்டையைத் தழுவிக்கொண்டு போகும். தாவரவியல் பெயரின் பின்பாதியான 'பைஃபர்கேட்டா' இப்படி இரண்டாகக் கிளைப்பதைக் குறிக்கும். அந்த நாரைச் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. அப்படியே போடலாம்.

சுத்தம் செய்த கொட்டையைத் தண்ணீரில் போட்டால் மிதப்பவை பெரும்பாலும் பொக்கு. ஆனால் மிதந்ததாலேயே தூக்கி எறிந்துவிடாதீர்கள். நார் நிறைய இருந்தால் நல்ல கொட்டையும் மிதக்கும். சந்தேகம் இருந்தால் ஒன்றைப் பலி கொடுத்து வெட்டிப் பாருங்கள். உள்ளே முற்றிய தேங்காய் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் நல்லது. தண்ணியாக இருந்தால் முற்றவில்லை. பழுப்பாகி நாறினால் அழுகிவிட்டது.

உடனே போட முடியாத நிலை என்றால், ஈரம் துடைத்து லேசான ஈரக் கோகோபீட்டோடு (தென்னைநார்க் கழிவுத் தூள்) கவரில் போட்டு வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெப்ப நாட்டு விதைக்கு அந்தக் குளிரே எமன்.

பைக்குள் முளைக்க வைப்பது

தொட்டியில் நேராகப் போடலாம். ஆனால் புதியவர்களுக்கு நான் ஜிப் லாக் கவரைத்தான் சொல்வேன். இடம் அடைக்காது, தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டாம், முளை வருவதும் வெளியிலிருந்தே தெரியும்.

கோகோபீட் கட்டியைத் தண்ணீரில் ஊறவிட்டு இரண்டு மூன்று தடவை அலசிப் பிழியுங்கள். தென்னைநார்க் கழிவில் உப்பு இருக்கும், அது போக வேண்டும். கடைசியில் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுத்தான் வர வேண்டும். தாரையாக ஒழுகினால் ஈரம் அதிகம். இன்னும் பிழிந்து எடுங்கள், இல்லாவிட்டால் நிழலில் கொஞ்சம் ஆறவிடுங்கள். பாம் கொட்டை செத்துப்போவதற்கு வறட்சி எவ்வளவு காரணமோ, அதே அளவு இந்த அதிக ஈரமும் காரணம். பூஞ்சைக்குப் பயந்தால் கெட்ட பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியை ஒரு சிட்டிகை கலந்துகொள்ளலாம்.

கவரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், கொட்டைகளையும் கோகோபீட்டையும் கலந்து போட்டு, காற்று கொஞ்சம் இருக்கும்படி மூடுங்கள். மேலே மார்க்கரில் பெயரும் தேதியும். அதே விவரத்தை ஐஸ் குச்சியில் பென்சிலால் எழுதி உள்ளேயும் போட்டுவிடுங்கள். மார்க்கர் மை அழிந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும்.

வைக்கிற இடம் முக்கியம். முப்பது டிகிரியை ஒட்டிய சூடு இருந்தால் போதும். சென்னையில் வருஷத்தில் பெரும்பகுதி அது இலவசமாகவே கிடைக்கிறது. சமையலறைப் பரண், ஃப்ரிட்ஜ் தலைக்கு மேல், படிக்கட்டு அடி என்று எங்காவது வைக்கலாம். வெளிச்சம் தேவையில்லை. நேர் வெயில் மட்டும் கூடவே கூடாது. ஒரு மே மாதம் கவரைச் சுத்தம் செய்யும்போது மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுக் கீழே போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்து வந்தால் கவர் பலூன் மாதிரி உப்பி, உள்ளே ஆவி. தொட முடியாத சூடு. முப்பது ராயல் பாம் கொட்டைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அன்றிலிருந்து கவரை மாடிக்கே கொண்டுபோவதில்லை.

பனை வழிக்காரர்களுக்குக் கவர் சரிப்படாது என்று இல்லை. ஆனால் முளை நீள ஆரம்பித்ததுமே எடுத்து நட்டுவிட வேண்டும். பனங்கொட்டை என்றால் கவரே வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்துக் கொட்டையை மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே நேராக ஊன்றிவிடுவதுதான் முறை. ஆழமாக இறங்கிய கன்றைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது அபூர்வம்.

காத்திருக்கும் காலம்

வாரம் ஒரு தடவை கவரைத் திறந்து காற்று மாற்றி, ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடுங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பதற வேண்டாம். ஒட்டியிருக்கும் மிச்சச் சதையைத்தான் அது பெரும்பாலும் தின்னும். கொட்டையை எடுத்துக் கழுவிப் புதுக் கோகோபீட்டில் போடுங்கள். விரலால் அழுத்தினால் அமுங்குகிற, நாறுகிற கொட்டையை மட்டும் எடுத்து எறியுங்கள். கெட்டியாக இருக்கும்வரை அது உயிரோடு இருப்பதாகவே கணக்கு வையுங்கள்.

கடையில் கிடைக்கும் ஜிப்ரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியில் ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும் என்று சொல்வார்கள். வேண்டாம். முளை சீக்கிரம் வந்தாலும் வெடவெடவென்று நீண்டு, நிற்க முடியாமல் சாய்ந்துவிடும்.

தென்னை வழிக் கொட்டையில் முதலில் தெரிவது ஒரு சின்ன வெள்ளைப் பொத்தான். பால்பல் எட்டிப் பார்ப்பது போல இருக்கும். அதிலிருந்து ஒரு பக்கம் வேர், இன்னொரு பக்கம் கூர்மையான குருத்து. எல்லாம் ஒரே நாளில் முளைக்காது. முதல் கொட்டைக்கும் கடைசிக் கொட்டைக்கும் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். முளைத்ததை மட்டும் எடுத்து நட்டுவிட்டு, மீதிக் கவரை மறுபடி பரணில் வையுங்கள்.

நாற்றுப் பைக்கு மாற்றுவது

வேர் இரண்டு அங்குலம் வந்ததும் மாற்றலாம். பாம் வேர் நேராகக் கீழே போகும், அதனால் அகலத்தைவிட ஆழம் முக்கியம். எட்டு அங்குலத்துக்குக் குறையாத ஆழமுள்ள நாற்றுப் பை போதும், அடியில் ஓட்டைகள் இருக்க வேண்டும். கோகோபீட் இரண்டு பங்கு, ஆற்று மணலோ எம்-சாண்டோ ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. களிமண் மட்டும் வேண்டாம்.

விரலால் குழி செய்து வேரை மடங்காமல் இறக்குங்கள். கொட்டையின் முதுகு வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் போதும். கொட்டையைப் பிய்க்காதீர்கள். தேங்காய்ப்பூ கதை ஞாபகம் இருக்கட்டும்: கன்று இன்னும் சில மாதம் அதிலிருந்துதான் சாப்பிடப் போகிறது.

இங்கேதான் நிறையப் பேர் கன்றைப் பறிகொடுக்கிறார்கள். முதல் இலை பாம் இலை மாதிரியே இருக்காது. அரிகாவுக்கும் ஃபாக்ஸ்டெயிலுக்கும் மீன் வால் போல இரண்டாகப் பிளந்த ஒற்றை இலை. ராயலுக்கும் ஈச்சைக்கும் அதுகூட இல்லை. நீளமாக, ஒல்லியாக, அப்படியே கோரைப்புல். என் முதல் ராயல் கன்றுகளில் நான்கை அம்மா களை என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, நானே பார்த்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதனால் ஒவ்வொரு பையிலும் குச்சி நட்டு வையுங்கள். அடையாளம் வேண்டுமென்றால் அடியைத் தடவிப் பாருங்கள். புல் மெத்தென்று இருக்கும். பாம் கன்று ஈர்க்குச்சி மாதிரி விறைப்பாக இருக்கும், இலையில் நீள மடிப்புகள் கைக்குத் தட்டுப்படும்.

முதல் வருஷம் முழுக்க நிழல்வலைக்கு அடியில் வையுங்கள், பாதி வெயில் கிடைத்தால் போதும். மேல் மண் காய்ந்ததும் தண்ணீர். இரண்டு மூன்று இலை வரும்வரை உரம் எதுவும் வேண்டாம். அதற்கப்புறம் மாதம் ஒரு தடவை கொஞ்சம் மண்புழு உரம். எலியும் அணிலும் கொட்டையைத் தேடி வரும், முதல் ஆறு மாதம் மேலே கம்பி வலை போட்டு மூடுவது நல்லது.

கீற்றாகப் பிரிந்த இலை வந்தபிறகு வெயிலுக்குப் பழக்குங்கள். முதல் வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு, மூன்று மணி நேரம் என்று ஏற்றிக்கொண்டே போகலாம். நேரடியாகக் கோடை வெயிலில் தூக்கி வைத்தால் இலை வெளுத்துக் கருகும்.

தரையில் நடுவதாக இருந்தால் ஆடி, ஆவணி வாக்கில் நடுங்கள். வடகிழக்கு மழை வருவதற்குள் வேர் பிடித்திருக்கும். பையை அவிழ்க்காமல் கத்தியால் கீறி, மண் கட்டி உடையாமல் இறக்குங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான் குழியிலும். தண்டின் அடியை மூடினால் அழுகிவிடும். ராயலைக் கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலோ மின்கம்பிக்குக் கீழேயோ நடாதீர்கள், வளர்ந்த மரத்தின் ஒரு மட்டை விழுந்தாலே கண்ணாடி போய்விடும். அரிகாவை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். முதல் இரண்டு கோடைக்கு அடியில் காய்ந்த இலை மூடாக்கு போட்டு, ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர் ஊற்றுங்கள்.